வறண்ட தோலும் ஆயுர்வேதத் தைலங்களும்

உடலில் எண்ணெய் தேய்த்துக் கொள்ளும் வழக்கம் இந்தியா முழுமைக்கும் பொதுவானது. எந்த எண்ணெய் என்பதுதான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கடுகெண்ணெய்; கேரளத்தில் தேங்காய் எண்ணெய்; தமிழ்நாட்டில் நல்லெண்ணெய். விளையும் வித்து எதுவோ அதுவே உடம்புக்கும் வந்து சேர்ந்தது. இந்தப் பொதுவான பழக்கத்தின் மேல் ஆயுர்வேதம் ஒரு முறையான மருத்துவத்தைக் கட்டி எழுப்பியது. மூலிகைகளை எண்ணெயில் காய்ச்சித் தைலம் செய்வதும், அதனை இன்னாருக்கு இன்ன காலத்தில் இவ்வாறு பூச வேண்டும் என்று வகுப்பதும் அம்மருத்துவத்தின் பகுதிகள்.

இன்று தைலம் ஒரு பெரிய வாணிபப் பொருள். வறண்ட தோலுக்கு என்று விற்கப்படும் சிறிய சீசா ஒன்றின் விலைக்குப் பல சமயங்களில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கிவிடலாம். இந்த விலை வேறுபாட்டுக்கு ஈடான பயன் உண்டா? வறட்சியைத் தணிப்பது எண்ணெயா, மூலிகையா, பூசும் முறையா? வசதியுள்ளவருக்கு இது சிறு கேள்வி. நாள்தோறும் எண்ணெய் பூசியே தீர வேண்டிய நோயாளிக்கும், அவருக்கு வழி கூற வேண்டிய சுகாதார ஊழியருக்கும் இதன் விடை மிகவும் தேவைப்படுகிறது.

தோல் வறள்வது ஏன்?

தோலின் மேற்பரப்பில் மயிரிழையினும் மெல்லிய ஓர் அடுக்கு இருக்கிறது. உயிரற்ற தட்டையான அணுக்கள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டு, அவற்றின் இடையே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சுண்ணச் சாந்தைப் போல நிரம்பியிருக்கின்றன. உடலின் நீர் வெளியேறாமல் காப்பதும், வெளியிலுள்ள கிருமிகளும் நச்சுகளும் உள்ளே நுழையாமல் தடுப்பதும் இந்தச் சுவரின் வேலை. சாந்து கரைந்து போனால் நீர் ஆவியாகிறது, செதில் உதிர்கிறது, அரிப்பும் வெடிப்பும் தோன்றுகின்றன.

சாந்தைக் கரைப்பவை பல. ஈரப்பதம் குறைந்த குளிர்காலக் காற்று, நெடுநேரம் வெந்நீரில் குளிப்பது, காரத்தன்மை மிகுந்த சோப்பு ஆகிய மூன்றும் முக்கியமானவை. நலமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மை உடையது. அதன் அளவுகோல் எண் ஏறத்தாழ 5. சாதாரணக் குளியல் சோப்பின் எண் 9 அல்லது 10. முதுமையில் எண்ணெய்ச் சுரப்பிகள் தளர்வதால் வறட்சி இயல்பாகவே கூடுகிறது. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரக நோய் ஆகியவற்றிலும் தோல் வறண்டு அரிக்கும். எத்தனை எண்ணெய் பூசியும் அடங்காத வறட்சி உடலின் உள்ளேயுள்ள நோய்க்கு அறிகுறியாக இருக்கக் கூடும். அத்தகையவரை மருத்துவமனைக்கு அனுப்பாமல் சீசாவை மட்டும் மாற்றிக் கொண்டிருப்பது தவறு.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். எண்ணெய் தோலுக்கு நீரைத் தருவதில்லை. எண்ணெயில் நீரே கிடையாது. தோலில் இருக்கும் நீர் வெளியேறாதபடி மூடுவதும், செதில்களுக்கு இடையேயுள்ள பிளவுகளை நிரப்பி மென்மை தருவதுமே அதன் செயல். பூசும் முறை பற்றிய விதிகள் யாவும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

பழைய நூல்களின் பார்வை

சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் அன்றாட ஒழுக்கங்களைப் பேசும் ஐந்தாம் அத்தியாயத்தில் எண்ணெய்ப் பூச்சை வற்புறுத்துகிறது. எண்ணெய் ஊறிய குடம், பதப்படுத்திய தோல், எண்ணெயிட்ட வண்டி அச்சு ஆகியவற்றை அது உவமை காட்டுகிறது. மூன்றும் கைத்தொழிலாளர் நன்கறிந்த பொருள்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வறட்சியை வாதத்தின் குணமாகவும், தொடு உணர்வை வாதத்தின் இருப்பிடமாகவும், எண்ணெயை வாதத்துக்கு மாற்றாகவும் ஆயுர்வேதம் கருதுகிறது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் நாள்தோறும் எண்ணெய் பூசச் சொல்வதுடன், தலை, காது, பாதம் ஆகிய மூன்றிடங்களைத் தனியே குறிப்பிடுகிறது. கபம் மிகுந்தவர், செரியாமை உடையவர், உடற் சுத்தி சிகிச்சை செய்து கொண்டவர் ஆகியோருக்கு அது எண்ணெய்ப் பூச்சை விலக்குகிறது. எல்லோருக்கும் எப்போதும் நல்லது என்று இன்றைய விளம்பரங்கள் கூறும் அளவுக்கு அந்நூல் கூறவில்லை.

தைலம் உருவாகும் விதம்

சார்ங்கதர சம்ஹிதை வகுத்த பொது அளவு இன்றும் பின்பற்றப்படுகிறது. அரைத்த மூலிகை விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, கஷாயம், சாறு அல்லது பால் பதினாறு பங்கு. மூன்றையும் ஒன்றாக்கி, நீர் முழுதும் வற்றும் வரை மெல்லிய தீயில் காய்ச்சுவார்கள். அதாவது ஒரு லிட்டர் தைலத்துக்கு நான்கு லிட்டர் நீர்ப்பொருளை ஆவியாக்க வேண்டும். கஷாயம் வைப்பதற்கு ஆகும் எரிபொருள் இதில் சேராது. தைலத்தின் அடக்க விலையில் விறகுக்கும் ஆவிக்கலத்துக்கும் உள்ள பங்கைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாத்திரத்தில் நீர் உள்ளவரை கொதிநிலை 100 பாகையை அதிகம் தாண்டாது. ஆகவே எண்ணெய் கருகாமல் மூலிகையின் சத்து மெல்ல மெல்ல இறங்குகிறது. நீர் வற்றிய கணத்திலிருந்து வெப்பம் விரைந்து ஏறும். சற்றே கவனம் தவறினாலும் தைலம் தீய்ந்துவிடும். அந்தக் கணத்தை அறிய வைத்தியர்கள் வெப்பமானி இல்லாத காலத்தில் கண்ட சோதனைகள் மிகவும் எளியவை. விழுதை விரலிடையே உருட்டினால் திரியாகத் திரள வேண்டும். அதைத் தீயிலிட்டால் சடசடவென்ற ஓசை எழக் கூடாது; எழுந்தால் நீர் மிச்சமிருக்கிறது என்று பொருள். எண்ணெயின் மேல் நுரை தோன்ற வேண்டும். பாகத்தை மென்மை, நடுத்தரம், கடினம் என மூன்றாகப் பிரித்து, கடினமான பாகத்தையே வெளிப்பூச்சுக்கு ஏற்றதாகக் கூறினர். நீர் எஞ்சிய தைலம் விரைவில் சிக்குப் பிடிக்கும், பூஞ்சை காணும் என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும்.

வறட்சிக்கு வழங்கும் தைலங்கள் பல. குறுந்தோட்டி என்று கேரளத்தில் வழங்கும் பலா மூலிகையும் பாலும் நல்லெண்ணெயும் சேர்ந்தது க்ஷீரபலா தைலம். இதையே நூற்றொரு முறை திரும்பத் திரும்பக் காய்ச்சி விற்பதும் உண்டு. அது துளிக்கணக்கில் உள்ளுக்கும் மூக்கிலும் தருவதற்குரியது. முழங்காலில் பூசுவதற்கு அதை வாங்குவது வீண் செலவு. ஏலம் முதலிய நறுமணப் பொருள்களைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது ஏலாதி. ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நான்கு பால் மரங்களின் பட்டையும் மஞ்சளும் சேர்ந்தது நால்பாமராதி. மஞ்சிட்டி, நன்னாரி, குங்கிலியம், தேன்மெழுகு ஆகியவை சேர்ந்த பிண்ட தைலம் எரிச்சலும் வெடிப்பும் உள்ள தோலுக்குச் சொல்லப்பட்டது. இவற்றில் பலவற்றின் அளவுகளை 1978-ல் வெளிவந்த ஆயுர்வேத மருந்து யோகத் தொகுப்பின் முதற்பகுதி ஒரு சீராக்கித் தந்தது. அதற்கு முன் ஒரே பெயரில் வெவ்வேறு வைத்திய சாலைகள் வெவ்வேறு பொருளை விற்க இடமிருந்தது.

எண்ணெயின் பங்கு

தைலத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருள் பெரும்பாலும் எண்ணெயே. ஆகவே முதலில் எண்ணெயை மதிப்பிடுவதே முறை. தாவர எண்ணெய்கள் யாவும் தோலுக்கு ஒன்றுபோல் நல்லவை அல்ல என்பது அண்மைக் கால ஆராய்ச்சியின் முக்கியமான முடிவு.

நல்லெண்ணெயில் லினோலிக் அமிலமும் ஒலியிக் அமிலமும் ஏறத்தாழச் சமமாக, ஒவ்வொன்றும் 40 சதவீத அளவில் உள்ளன. தோலின் சாந்துப் பொருளை உண்டாக்க லினோலிக் அமிலம் தேவை. நல்லெண்ணெயிலுள்ள சிசாமால் முதலிய பொருள்கள் அது விரைவில் சிக்குப் பிடிக்காமல் காக்கின்றன. பழைய நூல்களில் தைலம் என்ற சொல்லே எள்ளைக் குறிக்கும் திலம் என்பதிலிருந்து வந்தது. நாள்பட வைத்திருக்க வேண்டிய மருந்துக்கு எள்ளெண்ணெயை அடிப்படையாகத் தேர்ந்தது அனுபவ அறிவு.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். 2004-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் வறண்ட தோல் உடைய 34 பேருக்கு இரண்டு வாரம் தேங்காய் எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டுச் சோதித்தனர். இரண்டும் தோலின் ஈரத்தைக் கூட்டின. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒலியிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் தோலின் காப்புச் சுவரைத் தளர்த்துகிறது என்று 2013-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வு கூறியது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெய் சுவரைக் கெடுக்கவில்லை. நம் நகரங்களில் ஆலிவ் எண்ணெயைக் குழந்தைக்கு உயர்ந்த பொருளாகக் கருதி அதிக விலை கொடுத்து வாங்குவோர் இதை அறிய வேண்டும்.

கடுகெண்ணெய் பற்றிய செய்தி இன்னும் முக்கியமானது. அதில் எருசிக் அமிலம் பெரும்பங்கு. அதன் காரத்தைத் தரும் பொருளோ தோலை உறுத்துவது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளின் தோலில் கடுகெண்ணெய் காப்புச் சுவரின் மீட்சியைத் தாமதப்படுத்தியது. சூரியகாந்தி எண்ணெய் விரைவுபடுத்தியது. இதைத் தொடர்ந்து டாக்கா குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசிச் சோதித்தனர். பூசப்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவமனையில் தொற்றும் கிருமி நோய் ஏற்படும் வாய்ப்பு 41 சதவீதம் குறைந்தது என்ற முடிவு 2005-ல் வெளியாயிற்று. குறைமாதக் குழந்தையின் தோல் மிகவும் மெல்லியது. கிருமிகள் உடலுள் புகும் வாயில்களுள் அதுவும் ஒன்று. எண்ணெய் அந்த வாயிலை ஓரளவு அடைத்தது. வட மாநிலங்களின் சிற்றூர்களில் பிறந்த சில மணி நேரத்துக்குள்ளாகவே கடுகெண்ணெயை அழுத்தித் தேய்க்கும் வழக்கத்தை எண்ணெய் மாற்றத்தின் மூலமே பயனுள்ளதாக்கலாம்; வழக்கத்தையே ஒழிக்கத் தேவையில்லை. ஆனால் குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை முற்றிலும் நிறுத்த வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலை அடைந்து ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும்.

மூலிகையின் பங்கு

எண்ணெயில் கரையும் பொருள்கள் மட்டுமே தைலத்தில் இறங்கும் என்பது இரசாயனத்தின் எளிய விதி. மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயில் கரையும். அழற்சியைத் தணிக்கும் குணம் அதற்கு உண்டு என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. மஞ்சிட்டியின் சிவப்பு இறங்குவதைக் கண்ணாலேயே காணலாம். பாலின் கொழுப்பு எண்ணெயோடு கலந்துவிடுகிறது. ஆனால் பலா மூலிகையின் வழவழப்பான பசைப்பொருள் நீரில் மட்டுமே கரைவது. வடிகட்டும்போது அது விழுதோடு தங்கிவிடும். ஆகவே சீசாவின் மேல் அச்சிட்ட மூலிகைப் பெயர்கள் எத்தனை நீளமாயினும், உள்ளே இருப்பது அத்தனையும் அல்ல.

பிண்ட தைலம் இதில் தனித்து நிற்கிறது. அதிலுள்ள தேன்மெழுகு முழுதும் தைலத்தில் கரைந்து நிற்கும். பூசியதும் தோலின் மேல் மூடியாகப் படியும். நீர் வெளியேறுவதைத் தடுப்பதில் மெழுகு வகைகள் வெறும் எண்ணெயைவிடத் திறமையானவை. வாஸலீன் என்று நாம் வழங்கும் கனிம மெழுகு நீரிழப்பை 98 சதவீதம் வரை தடுக்கும் என்றும், சாதாரண எண்ணெய்கள் 20 முதல் 30 சதவீதமே தடுக்கும் என்றும் தோலியல் நூல்கள் கூறுகின்றன. வெடித்த குதிகாலுக்கு எண்ணெய் மட்டும் போதாது, மெழுகும் வேண்டும் என்று தைலம் வகுத்தவர்கள் கண்டுகொண்டது பாராட்டத்தக்கது.

சாதாரண வறட்சியைத் தணிப்பதில் தைலத்தின் பயனில் பெரும்பகுதி எண்ணெயினாலும், அதைத் தவறாமல் பூசுவதாலும் கிடைப்பதே என்பது என் கருத்து. அழற்சியும் எரிச்சலும் சேர்ந்த நிலையில் மூலிகை கூடுதலாக உதவக் கூடும். ஆனால் காய்ச்சாத நல்லெண்ணெயையும் காய்ச்சிய தைலத்தையும் யாருக்கு எது தரப்பட்டது என்று அறியாத வகையில் பூசி ஒப்பிடும் சோதனைகள் பெரிய அளவில் நடந்தால்தான் அந்தக் கூடுதல் எவ்வளவு என்று அளவிட முடியும். 1978 முதல் தனிக் குழுவாக இயங்கும் ஆயுர்வேத ஆராய்ச்சி மையக் குழுவுக்கு இது தகுந்த பணி. செலவும் அதிகம் ஆகாது.

ஒரு சிறு கணக்கும் இங்கே பொருந்தும். உடல் முழுதும் மெல்லியதாகப் பூச ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் எண்ணெய் வேண்டும். மாதத்துக்கு 300 முதல் 450 மில்லிலிட்டர். 200 மில்லிலிட்டர் சீசா ஒன்று இரண்டு அல்லது மூன்று வாரத்தில் தீரும். இந்தச் செலவைத் தாங்க இயலாத குடும்பம் சீசா தீர்ந்ததும் பூசுவதையே விட்டுவிடும். நாள்தோறும் பூசும் நல்லெண்ணெய், மாதத்தில் பத்து நாள் பூசும் தைலத்தைவிட மேலானது.

பூசும் முறை

ஆயுர்வேதம் குளிக்கும் முன் பூசச் சொல்கிறது. இன்றைய தோல் மருத்துவர்கள் குளித்த பின் ஈரம் உலரும் முன் பூசச் சொல்கின்றனர். இரண்டும் முரண்பட்டவை போலத் தோன்றும். முன்னே பூசிய எண்ணெய், குளிக்கும் நீரும் சோப்பும் தோலின் சாந்தைக் கரைக்காமல் காக்கிறது. பின்னே பூசுவது, தோல் உறிஞ்சிய நீரைப் பூட்டி வைக்கிறது. வறட்சி மிகுந்தவர் இரண்டையும் செய்யலாம். தைலம் பூசி அரைமணி நேரம் இருந்து, பிறகு அத்தனையையும் சோப்பால் தேய்த்துக் கழுவிவிடுவதுதான் கூடாதது. பயற்றம் மாவால் இலேசாகத் துடைத்து, இளஞ்சூடான நீரில் விரைவில் குளித்து, துண்டால் ஒற்றியெடுத்து, கை கால்களில் மட்டும் மீண்டும் சில துளிகள் பூசினால் போதும்.

நீர் வடியும் புண், படர்தாமரை, பொடுகு, முகப்பரு ஆகியவற்றின் மேல் தைலம் பூசுவது அவற்றை வளர்க்கும். புதிய தைலம் எதையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஓரிரு நாள் பார்த்த பிறகே உடலுக்குப் பயன்படுத்த வேண்டும். மூலிகையானாலும் ஒவ்வாமை வரும். எள்ளுக்கே ஒவ்வாமை உடையோரும் உண்டு.

கலப்படமும் சட்டமும்

1998-ல் டில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்ததால் கால் வீக்கமும் இதயத் தளர்ச்சியும் கொண்ட நோய் பரவி அறுபது பேரளவில் இறந்தனர். உண்டவர்களுக்கு நேர்ந்த கேடு அது. ஆனால் அந்த நஞ்சு தோலின் வழியாகவும் உட்புகும். கலப்பட எண்ணெயை உடம்பில் தேய்த்துக் கொண்டதால் மட்டுமே நோயுற்றவர்களைப் பற்றி 1980-களிலேயே மருத்துவ ஏடுகளில் செய்தி வந்திருந்தது. உடம்புக்குத்தானே, எந்த எண்ணெயானால் என்ன என்று மலிவான சில்லறை எண்ணெயை வாங்குவோர் இதை மறக்கக் கூடாது.

ஆயுர்வேத மருந்துகளுக்கு 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தில் தனி அத்தியாயம் 1964-ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. சட்டம் இருவகை மருந்துகளை அறியும். அட்டவணையில் கண்ட பழைய நூல்களின் யோகப்படியே செய்யப்படுவது ஒன்று. அந்நூல்களில் உள்ள சரக்குகளைக் கொண்டு உற்பத்தியாளர் தாமே வகுத்துக் கொண்ட கலவை மற்றொன்று. க்ஷீரபலா, பிண்ட தைலம் ஆகியவை முதல் வகை. கவர்ச்சியான பெயருடன் வருபவை பெரும்பாலும் இரண்டாம் வகை. சீசாவில் உரிமம் எண், தயாரித்த நாள், காலாவதி நாள், ஒவ்வொரு சரக்கின் அளவு, வெளிப்பூச்சுக்கு மட்டும் என்ற எச்சரிக்கை ஆகியவை இருக்க வேண்டும். அடிப்படை எண்ணெய் எது என்பதையே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டும். நல்லெண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் கனிம எண்ணெய் இருந்தால் தோலுக்குக் கேடு இல்லை, பணத்துக்குத்தான் கேடு.

மருந்தா, அழகுப் பொருளா, உணவா என்ற வழக்குகள் வரித்துறைக்கும் உற்பத்தியாளருக்கும் இடையே நெடுங்காலம் நடந்தவை. சிறு பொட்டலங்களில் வரும் தூய தேங்காய் எண்ணெய், கூந்தல் எண்ணெய் என்று விற்கப்படாதவரை சமையல் எண்ணெயே என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கூந்தல் எண்ணெயின் மீதான சரக்கு, சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததால் அந்த வழக்கின் கூர்மையும் மழுங்கிவிட்டது.

உணர்விழந்த பாதங்கள்

வறட்சி சிலருக்கு ஊனத்தின் தொடக்கமாகிறது. தொழுநோய் நரம்புகளைத் தாக்கும்போது தொடு உணர்வோடு வியர்வையும் நின்றுவிடுகிறது. வியர்வை இல்லாத பாதம் வறண்டு வெடிக்கும், வெடிப்பு வலிக்காது, வலிக்காததால் நடை நிற்காது. அழுக்கும் கிருமியும் எலும்பு வரை செல்கின்றன. விரல்களும் பாதமும் இழக்கப்படுவது தொழுநோய்க் கிருமியால் நேரடியாக அன்று. பெரும்பாலும் இந்த வழியில்தான். கூட்டு மருந்து கிருமியைக் கொன்ற பின்னும் நரம்புச் சேதம் நீடிப்பதால் இந்தப் பராமரிப்பு வாழ்நாள் முழுதும் தேவைப்படுகிறது. 2005 இறுதியில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை நாடு எட்டியது. எனினும் ஆண்டுதோறும் ஒரு லட்சம் அளவில் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகின்றனர். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இங்குள்ளவர்களே.

தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் இவர்களுக்குக் கற்பிக்கும் முறை எளிது. சாதாரண நீரில் பாதங்களை இருபது முதல் முப்பது நிமிடம் ஊற வைக்க வேண்டும். வெந்நீர் கூடாது; சுடுவது அவர்களுக்குத் தெரியாது. தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்து நீக்க வேண்டும். முழுதும் துடைக்காமல், ஈரம் இருக்கும்போதே எண்ணெய் பூச வேண்டும். இதில் எந்த மூலிகையும் குறிக்கப்படவில்லை. வீட்டில் உள்ள சமையல் எண்ணெயே போதும். நீர் முன், எண்ணெய் பின் என்ற வரிசை மட்டும் மாறக் கூடாது. இதே காரணத்தால் நோயாளிகளுக்கு விலையுயர்ந்த தைலத்தைப் பரிந்துரைக்கும் நல்லெண்ணம் படைத்தோரிடமும் ஊழியர்கள் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தைலம் தொழுநோயைக் குணப்படுத்தும் என விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருந்துகள் சட்டப்படி குற்றம்.

நீரிழிவு நோயாளியின் பாதமும் இதுபோலவே வறண்டு உணர்விழக்கும். நாட்டில் நீரிழிவு உள்ளோர் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கணிப்பு கூறுகிறது. ஆனால் இவர்களுக்கு முறை சற்று வேறு. நெடுநேரம் ஊற வைக்கக் கூடாது. கழுவி, விரலிடுக்குகளை நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். எண்ணெயைக் குதிகாலிலும் பாதத்தின் மேலும் கீழும் பூசலாம். விரலிடுக்கில் பூசினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பற்றும். இரு நோயாளிகளையும் ஒரே நாளில் சந்திக்கும் கிராம சுகாதார ஊழியர் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்திருப்பது அவசியம். பூசும் போதே உள்ளங்காலை விரலால் தடவிப் பார்த்து, புதிய வெடிப்போ கொப்புளமோ சூடோ உண்டா என்று அன்றன்று காண வேண்டும். குனிந்து பார்க்க இயலாத முதியவருக்குத் தரையில் வைத்த ஒரு சிறு கண்ணாடி போதும்.